மினுக்கைப் பார்த்து மயங்காதே. பலகையைத் தட்டிப் பார்!

அமெரிக்காவில் பழைய மீன்பிடிப் படகுக்கு நியாய விலை காண்பது எப்படி?

அமெரிக்காவில் பனிக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதும் தென் மாநிலங்களின் ஏரிக்கரைகள் களைகட்டி விடுகின்றன. 'பாஸ்' என்னும் மீன் முட்டையிடுவதற்காக ஆழத்தை விட்டுக் கரையோரம் ஒதுங்கும் பருவம் அது. பொழுது விடியுமுன்பே, வண்டிக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு ஜனங்கள் ஏரிக்குப் புறப்பட்டு விடுவார்கள்.

அதே பருவத்தில் இன்னொரு காட்சியையும் காணலாம். பல வீடுகளின் முற்றத்தில் ஒரு படகு நிற்கும். அதன் மேல் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை தொங்கும். மெழுகு தேய்த்து மெருகேற்றிய படகு வெயிலில் பளபளவென்று மின்னும். சிவப்பும் நீலமுமாக ஜிகினாத் தூள் கலந்த வர்ணம் கண்ணைப் பறிக்கும். சொந்தக்காரர் ஒரு விலை சொல்லுவார். 24,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

கொடுக்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்குத் தவறான விடை கண்டால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. பெரிய பாஸ் படகின் பின்னால் தொங்குவது 250 குதிரைச் சக்தி உள்ள எஞ்சின். மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும். அந்த எஞ்சினைத் தாங்கி நிற்கும் பலகை உள்ளே மக்கிப் போயிருந்தால் என்ன ஆகும்? பல வருஷச் சேமிப்பைக் கொட்டிக் கொடுத்து ஆபத்தை வீட்டுக்கு அழைத்து வந்த கதையாகத்தான் முடியும்.

அது என்ன பாஸ் படகு?

பாஸ் என்பது நன்னீர் மீன். அகன்ற வாய் உடையது. தூண்டிலைக் கவ்வியதும் தண்ணீருக்கு மேலே துள்ளி எழுந்து தலையை உதறும். அந்தப் போராட்டத்துக்காகவே அமெரிக்கர் அதைத் தேடிப் போகிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 1932-ல் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடை இருந்தது. அதாவது 10 கிலோவுக்கும் மேல். 2009-ல் ஜப்பானில் பீவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீன்தான் அதற்கு ஈடாக நின்றது.

இந்த மீனுக்கென்றே தனியாக ஒரு படகு பிறந்தது 1948-ல். லூயிசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் பிளைவுட் பலகையால் ஒரு படகைச் செய்தார். நீளமாக, ஒல்லியாக, தட்டையான அடியோடு இருந்த அந்தப் படகுக்கு 'ஸ்கீட்டர்' என்று பெயர். இதையே முதல் பாஸ் படகு என்று சொல்லுகிறார்கள்.

பின்னர் நதிகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. அணைகளுக்குப் பின்னால் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டாயின. மூழ்கிய மரங்களின் நிழலில் பாஸ் மீன் பெருகியது. 1967-ல் ரே ஸ்காட் என்ற இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு ஆர்க்கன்ஸா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு மீன்பிடிப் போட்டியை நடத்தினார். மறு வருஷமே பாஸ் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார். அதே 1968-ல், அதே ஆர்க்கன்ஸாவில், ஃபிளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரெஸ்ட் வுட் என்பவர் 'ரேஞ்சர்' படகுகளைக் கட்ட ஆரம்பித்தார். முதல் வருஷம் அவர் கட்டியவை ஆறே படகுகள்தான்!

1978-ல் ஜானி மாரிஸ் என்பவர் படகு, எஞ்சின், இழுத்துச் செல்லும் டிரெய்லர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் முறையைப் பிரபலமாக்கினார். அவருடைய 'டிராக்கர்' படகு அலுமினியத்தால் ஆனது. சாதாரணக் குடும்பஸ்தருக்கும் படகு எட்டும் பொருளாயிற்று.

இன்றைய பாஸ் படகு பெரும்பாலும் 16 அடி முதல் 21 அடி வரை நீளம் இருக்கும். பக்கச் சுவர்கள் தாழ்வாக இருக்கும். முன்னால் நின்று தூண்டில் வீச ஒரு மேடை. பிடித்த மீனை உயிரோடு வைக்க நீர்த் தொட்டி. சத்தமில்லாமல் நகர்ந்து செல்லக் காலால் இயக்கும் சிறிய மின்சார மோட்டார். தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒலிக் கருவி. பின்னால் பெரிய எஞ்சின்.

இத்தனையும் சேர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும்? உயர்ந்த ரகத்தில் புதிய படகு ஒன்று லட்சம் டாலரையும் தாண்டி விடுகிறது. ஆகவேதான் பழைய படகுக்கு இவ்வளவு கிராக்கி.

கேட்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு

பழைய படகு வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அவர் வாங்குவது ஒரு சாமான் அல்ல, மூன்று சாமான்கள். படகு ஒன்று, எஞ்சின் ஒன்று, டிரெய்லர் ஒன்று. மூன்றுக்கும் வயது வேறாக இருக்கலாம். மூன்றும் தேய்வது வேறு வேறு விதமாக. எனவே விலையையும் தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று விலைப் பட்டியல்கள் இருக்கின்றன. ஜே.டி. பவர் என்ற நிறுவனத்தின் பட்டியல் பெயர் பெற்றது. முன்பு 'நாடா' பட்டியல் என்று வழங்கியது இதுவே. படகின் பெயர், வருஷம், எஞ்சினின் சக்தி ஆகியவற்றைச் சொன்னால் தாழ்ந்த விலை இது, சராசரி விலை இது என்று அது காட்டும். பாங்கிகளும் கடன் கொடுக்குமுன் இத்தகைய பட்டியலைப் பார்ப்பது உண்டு.

ஆனால் பட்டியல் படகை நேரில் பார்த்ததில்லை! பத்து வருஷப் படகு என்றால் அது சாதாரணமாகத் தேய்ந்து, ஓடும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பட்டியல் விலை சொல்லுகிறது. கூரைக்கு அடியில் நின்ற படகும் மழையில் நனைந்து கிடந்த படகும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

விளம்பரங்களில் காணும் விலையும் முழு உண்மை ஆகாது. அது விற்பவரின் ஆசை. வியாபாரம் முடிந்த விலை எது என்பதே முக்கியம். அதே ரகப் படகு சுற்று வட்டாரத்தில் சமீபத்தில் என்ன விலைக்குக் கை மாறியது என்று வியாபாரிகளிடமும், ஏரிக்கரையில் மீன் பிடிப்பவர்களிடமும் விசாரிக்க வேண்டும். நாலைந்து பேரைக் கேட்டாலே ஓர் அளவு கிடைத்துவிடும்.

காலமும் விலையை ஆட்டி வைக்கும். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது ஜனங்கள் வெளியூர்ப் பயணங்களை விட்டு ஏரிகளை நாடினார்கள். புதிய படகுகள் கிடைக்கவில்லை. பழைய படகுகளின் விலை மளமளவென்று ஏறியது. அந்த நாளில் அதிக விலைக்கு வாங்கியவர்கள் பிறகு அதே விலையை எதிர்பார்த்து ஏமாந்தார்கள். விற்பவர் கொடுத்த விலை அவருடைய கணக்கு. வாங்குபவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

பருவமும் அப்படியே. வசந்த காலத்தில் விலை ஏறும்; மழையும் பனியும் வந்தால் இறங்கும். ஆனால் ஏரி உறைந்து கிடக்கும் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சோதிக்காமல் வாங்கினால் முதலுக்கே மோசம்.

பானையைத் தட்டுவது போல

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்ட பானையின் சத்தம் காட்டிக் கொடுத்து விடும். பைபர் கிளாஸ் படகையும் இப்படியேதான் பார்க்க வேண்டும்.

காரணம் இது. பழைய படகுகளில் வெளியே தெரிவது பைபர் கிளாஸ் தோல். அதற்குள்ளே இருப்பது மரம். எஞ்சினைப் பொருத்தியிருக்கும் பின்பலகையும், தரைக்கு அடியில் நீளவாட்டத்தில் ஓடும் உத்திரங்களும் பிளைவுட் பலகையால் ஆனவை. எஞ்சினை மாட்டவும் கருவிகளை இணைக்கவும் அந்தப் பலகையில் துளை போடுகிறார்கள். துளையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். வருஷக் கணக்கில் மரம் ஊறும்; பின் மக்கும். வெளியே வர்ணம் மட்டும் புது மணப்பெண் போல மின்னிக்கொண்டிருக்கும்!

250 குதிரைச் சக்தி எஞ்சினின் எடை சுமார் 230 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் பின்பலகையின் மேல்தான் தொங்குகிறது. படகு அலையில் குதிக்கும்போதெல்லாம் அந்தப் பாரம் பல மடங்காகிப் பலகையை இழுக்கிறது.

எனவே முதல் சோதனை பின்பலகைக்கு. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும். மக்கிய இடம் பொத்தென்று மந்தமாகச் சத்தம் கொடுக்கும். பிறகு எஞ்சினைச் சற்று மேலே தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். அப்போது இன்னொருவர் பின்பலகையைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பலகை வளைந்து கொடுத்தாலோ, எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் திறந்து மூடினாலோ அந்தப் படகை மறந்துவிடலாம். பின்பலகையை மாற்றுவது பல ஆயிரம் டாலர் வேலை. பழைய படகின் விலையையே அது விழுங்கிவிடக் கூடும்.

தரையிலும் நடந்து பார்க்க வேண்டும். கால் பதியும் இடம் மெத்தென்று அமுங்கினால் அடியில் மரம் போய்விட்டது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறை உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்கத் தரைக்கு அடியில் நுரைப் பொருளை அடைத்திருப்பார்கள். நாள்பட்ட படகில் அந்த நுரை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி எடை மேடைதான். லாரிகளை எடை போடும் இடத்தில் படகை நிறுத்த வேண்டும். படகு, எஞ்சின், டிரெய்லர், பெட்ரோல், சாமான்கள் எல்லாவற்றின் எடையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன கணக்கை விட நூற்றுக்கணக்கான பவுண்டு கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் எடை தண்ணீர்தான்.

பிற்காலத்தில் பல கம்பெனிகள் மரத்தைக் கைவிட்டு, மக்காத செயற்கைப் பலகைக்கு மாறிவிட்டன. எந்த வருஷத்துப் படகில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அலுமினியப் படகு என்றால் ரிவிட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, பற்றவைத்த இடங்களில் கீறல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலையில் பாதி எஞ்சினில்

பழைய படகின் விலையில் பெரும் பங்கு எஞ்சினுடையது. புதிய 250 குதிரைச் சக்தி எஞ்சின் மட்டுமே 25,000 டாலருக்கு மேல் ஆகும். பத்துப் பதினைந்து வருஷப் படகில் எஞ்சின் கெட்டுவிட்டால் மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டிதான்!

விற்பவர் வீட்டுக்குப் போனதும் எஞ்சினின் மேல் மூடியைத் திறந்து கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஜாக்கிரதை! குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கிறது என்பதால் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம்.

அடுத்தது அழுத்தச் சோதனை. எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் இருந்தால் ஆறிலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மீட்டரை மாட்டி அழுத்தத்தை அளப்பார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு காட்டுகிறது என்பதை விட, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்பதே முக்கியம். நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டர் நோயாளி.

மூன்றாவது கியர் ஆயில். தண்ணீரில் மூழ்கி நிற்கும் கியர் பெட்டியின் அடித் திருகைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசியும். அது தெளிவாக இருந்தால் நல்லது. பால் விட்ட காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பருத்தால் கியர் பெட்டியே வெடித்துவிடும். ஆயிலில் இரும்புத் தூள் மின்னினால் பற்சக்கரங்கள் தேய்கின்றன.

நான்காவது, ஓடிய மணிக் கணக்கு. காருக்கு மைல் கணக்கு. படகுக்கு மணிக் கணக்கு. புதிய ரக எஞ்சின்களில் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. மொத்தம் எத்தனை மணி ஓடியது, அதில் முழு வேகத்தில் எத்தனை மணி என்பதை எல்லாம் அது பதிந்து வைக்கிறது. கம்பெனி மெக்கானிக்கிடம் சொன்னால் படித்துத் தருவார். 'வாரக் கடைசியில் மட்டும் மெதுவாக ஓட்டினேன்' என்று விற்பவர் சொல்லலாம். கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யம் கிடையாது.

மணிக் கணக்கு குறைவாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பத்து வருஷத்தில் ஐம்பதே மணி ஓடிய எஞ்சின் சும்மா கிடந்தே கெட்டிருக்கலாம். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரம் இறுகிப் போகும். உழைத்த எஞ்சினை விட உறங்கிய எஞ்சின் அதிகச் செலவு வைப்பதும் உண்டு.

எஞ்சினின் குலத்தையும் விசாரிக்க வேண்டும். ஓலி எவின்ரூட் என்பவர் 1909-ல் தொடங்கிய எவின்ரூட் எஞ்சின் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. 2020 மே மாதத்தில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஓடுகிற எஞ்சின் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இனி உதிரிப் பாகமும் கை தேர்ந்த மெக்கானிக்கும் அருகில் கிடைப்பார்களா என்ற கேள்வி விலையைக் குறைக்கத்தான் செய்யும்.

யானையும் அங்குசமும்

யானை வாங்கினவர் அங்குசத்துக்கு அழலாமா என்பார்கள். படகு விஷயத்தில் அங்குசமே பல ஆயிரம் டாலர் ஆகிவிடும்!

முன்புறத்து மின்சார மோட்டார் 24 வோல்ட் என்றால் இரண்டு பாட்டரி வேண்டும். 36 வோல்ட் என்றால் மூன்று. எஞ்சினைக் கிளப்ப இன்னொன்று. இவை செத்திருந்தால் அந்தச் செலவு வாங்கியவர் தலையில் விழும்.

மீன் காட்டும் கருவியைக் காட்டி, 'இது மட்டும் 3,000 டாலர்' என்று விற்பவர் சொல்லக் கூடும். வாங்கிய நாளில் அது உண்மை. ஆனால் மின்னணுக் கருவிகள் பழைய காலண்டர் போல. புதிது வந்ததும் பழையதை யாரும் சீந்த மாட்டார்கள். அவற்றுக்காக அதிகம் கூட்டக் கூடாது.

டிரெய்லரைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் படகை நடுச் சாலையில் நிறுத்தி வைப்பது டிரெய்லர்தான். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர் என்று பொருள். பூப்போட்ட அச்சு தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், வயதான டயர் வெயிலில் வெடிக்கும். சக்கரங்களின் பேரிங்கு, பிரேக், விளக்கு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இறக்காமல் பணம் கொடுக்காதே

இவ்வளவும் கரையில் நடக்கும் சோதனைகள். கடைசிச் சோதனை தண்ணீரில்.

படகை ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் உடனே கிளம்புகிறதா? பின்னாலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் தாரையாகப் பாய்கிறதா? முழு வேகத்தில் எஞ்சினின் சுற்று, கம்பெனி குறித்த அளவை எட்டுகிறதா? எட்டாவிட்டால் விசிறி பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் களைத்துவிட்டது, அல்லது படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அரை மணி ஓட்டிய பின் அடித்தட்டைத் திறந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறதா?

ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் அவசரக் கயிற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் சாதனம் இது. 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதைப் பயன்படுத்துவதை 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

ஓட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையா? அப்போது அவர் சொல்லாமலே பதில் சொல்லிவிட்டார். கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இதை எல்லாம் தானே செய்யத் தெரியாதவர் நல்ல மெக்கானிக் ஒருவருக்கோ, படகுகளைப் பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்ட சர்வேயருக்கோ கூலி கொடுத்து அழைத்துப் போகலாம். சில நூறு டாலர் செலவு பல ஆயிரம் டாலரைக் காப்பாற்றும்.

பின்னால் பொறித்த ஜாதகம்

படகுக்கும் ஜாதகம் உண்டு! 1972 நவம்பர் மாதத்துக்குப் பிறகு செய்த ஒவ்வொரு படகின் பின்புறத்திலும், வலப்பக்கத்தில், எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் மூன்று, செய்த கம்பெனியைக் காட்டும். அடுத்த ஐந்து, படகின் வரிசை எண். 1984-க்குப் பிறகு வந்த படகுகளில் கடைசி நான்கும் செய்த மாதத்தையும் வருஷத்தையும், எந்த வருஷத்து ரகம் என்பதையும் சொல்லும்.

விற்பவர் '2012 படகு' என்று சொல்ல, எண் 2010 என்று காட்டினால் விலையும் இரண்டு வருஷம் இறங்க வேண்டும். எண்ணைச் சுரண்டியோ மாற்றியோ இருந்தால் பேச்சையே நிறுத்த வேண்டும். திருட்டுப் படகாக இருக்கலாம். எஞ்சினின் எண்ணையும் டிரெய்லரின் எண்ணையும் காகிதங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

படகுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு, சிலவற்றில் இல்லை. படகின் மேல் கடன் பாக்கி இருந்தால், பணம் கொடுத்து வாங்கியவரின் வீட்டு வாசலில் பாங்கி வந்து நிற்கும். ஆகையால் கடன் தீர்ந்ததற்கு எழுத்து மூலமான அத்தாட்சி கேட்க வேண்டும்.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போடு

எல்லாம் பார்த்தாயிற்று. இனி விலை.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். விற்பவர் கேட்பது 24,000 டாலர். பட்டியலில் படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றும் சேர்ந்து சராசரி 22,000. சுற்று வட்டாரத்தில் அதே ரகம் 21,000-க்கும் 23,000-க்கும் இடையே விற்றிருக்கிறது. ஆக, நல்ல நிலையில் உள்ள படகு என்றால் 22,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனையில் கண்ட குறைகள்: பாட்டரிகள் செத்துவிட்டன, அதற்கு 600. டிரெய்லர் டயர்கள் வயதானவை, 500. கியர் பெட்டியில் தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய சீல் போட 900. தண்ணீர் இறைக்கும் சக்கரம் மாற்ற 400. மொத்தம் 2,400. கழித்தால் 19,600.

அதுதான் அந்தப் படகின் நியாய விலை. அதற்கு மேல் கொடுப்பது விற்பவரின் பழுதை வாங்குபவர் பணம் கொடுத்துச் சுமப்பது.

ஒரு விஷயத்தில் நியாயம் தவறக் கூடாது. பத்து வருஷப் படகில் இருக்கை சற்று வெளுத்திருக்கும். வர்ணத்தில் சில கீறல்கள் இருக்கும். பட்டியல் விலை இவற்றை எல்லாம் முன்பே கழித்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அதே கீறலுக்கு மறுபடியும் கழிக்கச் சொன்னால் அது பேரம் அல்ல, பிடுங்கல். ஓடுவதற்கு இடையூறான குறைகளை மட்டுமே கழிக்க வேண்டும். அதே போல, வருஷம் தவறாமல் ஆயில் மாற்றி, ரசீதுகளை அடுக்கி வைத்து, கூரைக்கு அடியில் நிறுத்திக் காத்தவருக்குச் சராசரிக்கு மேலும் ஆயிரம் கொடுக்கலாம். அந்த ரசீதுக் கட்டு வாங்குபவருக்கு வரப்போகும் செலவை மிச்சப்படுத்துகிறது.

எந்தக் கணக்கிலும் அடங்காத குறை ஒன்றே ஒன்று. மக்கிய பின்பலகை. 'நாலாயிரம் குறைத்துக் கொள்ளுங்கள்' என்று விற்பவர் இறங்கி வந்தாலும் இணங்கக் கூடாது. அந்தப் பலகையின் மேல்தான் தகப்பனும் பிள்ளையும் உட்கார்ந்து ஏரியின் நடுவே போகப் போகிறார்கள்.

போகத் தெரிந்தவனுக்கே விலை படியும்

படகுக்காரர்களிடையே ஒரு கேலிப் பேச்சு உண்டு. பணத்தைக் கொட்டுவதற்காகத் தண்ணீரில் தோண்டிய குழிக்குத்தான் படகு என்று பெயராம்! விலையைச் சரியாகப் போடாதவர்களுக்கு அது கேலி அல்ல, அனுபவம்.

பேரம் பேசும்போது விற்பவரைக் குறை கூறத் தேவையில்லை. செய்த சோதனைகளின் முடிவைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் போதும். மீட்டர் காட்டிய அளவையும், டயரில் பொறித்த வருஷத்தையும் யாரும் மறுக்க முடியாது. நேர்மையானவர் இறங்கி வருவார். தன் படகிலேயே இப்படி ஒரு குறை இருந்தது அவருக்கும் அப்போதுதான் தெரிய வரலாம்.

இறங்கி வராவிட்டால் வருத்தம் வேண்டாம். அமெரிக்காவில் ஏரிகளுக்கும் பஞ்சம் இல்லை, விற்பனைக்கு நிற்கும் படகுகளுக்கும் பஞ்சம் இல்லை. இன்று கைவிட்ட படகை விட நல்ல படகு அடுத்த மாதமே கிடைக்கலாம்.

வர்ணத்துக்கு விலை கொடுப்பவர் முதல் சவாரியோடு மகிழ்ச்சியை இழக்கிறார். மரத்துக்கும் எஞ்சினுக்கும் விலை கொடுப்பவர், வருஷா வருஷம் பாஸ் மீன் கரையொதுங்கும் காலத்தில், விடியுமுன் எழுந்து நிம்மதியாக ஏரிக்குப் போகிறார்.